"பொயிக்கிலோதேமிக்" என்னும் சொல்லும் கோழிக்குஞ்சும்

கோழி வளர்ப்புப் பற்றிய ஆங்கிலக் கைந்நூல்களைப் படிக்கும் இளங் கமக்காரர் சிலர், அவற்றிற் காணப்படும் "பொயிக்கிலோதேமிக்" என்னும் பெயரடையின் பொருள் யாதென வினவுகின்றனர். அச்சொல்லை விளங்கிக்கொண்டால், மாரிகால இரவுகளிற் குஞ்சுகள் ஏன் மடிகின்றன என்பதும் விளங்கும்.

"பொயிக்கிலோசு" என்னும் கிரேக்கச் சொல் பலநிறமானது, மாறுபடுவது எனப் பொருள்படும். பண்டை ஏதென்சு நகரில் ஓவியந் தீட்டப்பெற்ற மண்டபமொன்று இச்சொல்லாலேயே பெயர் பெற்றது. "தேமே" என்பது வெப்பம். எனவே, சுற்றுப்புறத்திற்கேற்ப உடல் வெப்பநிலை மாறும் பிராணி என்பதே கருத்து. உடல் வெப்பநிலை ஏறக்குறைய மாறாதிருக்கும் பிராணியை "ஓமோயோதேமிக்" என்பர். "ஓமோயோசு" என்றால் ஒத்தது. ஜேர்மானிய அறிஞர் காள் பேர்க்மான் 1847 ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டை வகுத்தார். "குளிர்ந்த குருதியுடையது" என்னும் பழைய வழக்கிலும் இதுவே சிறந்தது. நண்பகல் வெயிலிற் கிடக்கும் ஓணானின் குருதி குளிர்ந்தா இருக்கும்?

வளர்ந்த கோழியின் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 41 பாகை செல்சியசு. மழையாயினும் வெயிலாயினும் அது பெரிதும் மாறுவதில்லை. அன்று பொரித்த குஞ்சோ அவ்வாறன்று. சிறிய உடலும் மெல்லிய தூவியும் உடைய அது வெப்பத்தை விரைவில் இழக்கின்றது. முதல் இரண்டு, மூன்று வாரங்களில் அதன் இயல்பு கோழியினும் ஓணானுக்கே அண்மையானது எனலாம். தாய்க்கோழி சிறகின்கீழ் அணைப்பது இக்குறையை நிரப்புதற்கே.

தாயின்றி வளர்ப்போர் முதல் வாரத்தில் குஞ்சுகளின் முதுகு மட்டத்தில் 35 பாகை வெப்பம் இருக்கச் செய்தல் வேண்டும். பின்னர் வாரந்தோறும் ஏறக்குறைய 3 பாகை குறைத்து வரலாம். வெப்பமானி நன்றே, ஆயினும் குஞ்சுகளைப் பார்த்தறிவது அதனினும் நன்று. விளக்கின்கீழ் ஒன்றன்மேலொன்று நெருங்கிக் கத்தினால் சூடு போதாது. அடியிற் சிக்கியவை மூச்சடைத்து இறத்தலும் உண்டு. விலகி ஓரத்தில் நின்று வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகை. பறவைக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லையாதலின், வாய்வழியாகவே அது உடலை ஆற்றுகின்றது. எங்கும் பரந்து இரை தின்னுமாயின் விளக்கை அவ்வுயரத்திலேயே விடுக. வாடைக்காற்று வீசும் பக்கத்தைச் சாக்கினால் மறைத்து, நனைந்த உமியை உடனே அகற்றுக. ஈரத்தில் நிற்கும் குஞ்சுக்கு விளக்கின் சூடு போதாது.