செய்ந்நன்றி அறிதல்: அயலில் வாழும் முன்னாள் படைவீரர்



திருக்குறளின் 11ஆம் அதிகாரம் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்பது எமது சமயபாட வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். கனடாவில் ஆண்டுதோறும் 11ஆம் மாதம் 11ஆம் திகதி காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் காக்கப்படுகின்றது. 1918இல் முதலாம் உலக யுத்தம் ஓய்ந்த வேளை அது. இவ்வொற்றுமை தற்செயலானதே, ஆயினும் இம்மாதப் பாடத்திற்குப் பொருத்தமானது.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். நம்மிற் பலர் சீருடைக்குப் பயந்து ஓடிவந்தவர்கள். நாம் இந்நாட்டிற்கு வந்த முதலாவது நவம்பரில், கடைத்தொகுதி வாசலில் பதக்கங்கள் அணிந்த முதியவர் ஒருவர் பொப்பி மலர்களுடன் நின்றார். அவரைக் கண்டதும் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வேறு வாசலால் உள்ளே போனோம். அவர் நமக்கு என்ன தீங்கு செய்தார்? ஒன்றுமில்லை. வேறொரு படையின் கணக்கை அவருடைய பெயரில் எழுதிவிட்டோம். கணக்காளர் செய்யக்கூடாத பிழை அது.

யார் இவர்கள்?

இரண்டாம் உலக யுத்தத்தில் 10 இலட்சத்திற்கும் அதிகமான கனேடியர் சேவையாற்றினர். 45,000க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். முன்னாள் படைவீரர் என்றால் முதியவர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. 2001 முதல் 2014 வரை ஆப்கானிஸ்தானில் 40,000க்கும் மேற்பட்ட கனேடியப் படையினர் பணிபுரிந்தனர். 158 பேர் திரும்பி வரவில்லை. திரும்பியவர்களிற் பலர் நம் வயதினர். நம் தெருவிலேயே வாழ்கின்றனர்.

இதனை நாம் அறிந்துகொண்டது ஒரு தீபாவளி இரவில். பிள்ளைகள் வளவில் வெடி கொளுத்தினார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து, தமது கணவர் ஆப்கானிஸ்தானில் இருந்தவர் என்றும், இரவு முழுவதும் நிலக்கீழ் அறையில் விழித்திருந்தார் என்றும் தயக்கத்துடன் சொன்னார். நாம் தலைகுனிந்து நின்றோம். ஏனெனில் எமது வீட்டு அம்மம்மாவும் அதே இரவில் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் இருந்தவர். அவருடைய நடுக்கத்தைக் கண்ட நாம், மதிலுக்கு அப்பால் இருந்த நடுக்கத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு கிழமை முன்னரே பலகாரத் தட்டுடன் சென்று, பிள்ளைகள் மத்தாப்பு மட்டுமே கொளுத்துவார்கள் என்றும் எத்தனை மணிக்கு என்றும் சொன்னோம். அன்று அவர் எங்களுடன் வாசலில் நின்று பார்த்தார். அம்மம்மாவும் பக்கத்தில் நின்றார்.

நன்றி சொல்வது எல்லா யுத்தங்களையும் சரியென்று சொல்வதாகாது. ஒரு மனிதர் தமக்காக அல்லாமல் பட்ட துன்பத்தை மறவாதிருப்பதே அதன் பொருள்.

ஒல்லாந்தர் காட்டும் வழி

1940இல் ஒல்லாந்து இளவரசி யூலியானா பிள்ளைகளுடன் ஒட்டாவாவில் அடைக்கலம் புகுந்தார். அவருடைய நாட்டை மீட்கும் போரில் 7,600க்கும் மேற்பட்ட கனேடியர் மாண்டனர். அந்நாட்டிலிருந்து இன்றும் ஆண்டுதோறும் ஒட்டாவாவிற்கு ரியூலிப் கிழங்குகள் வருகின்றன. ஹொல்ற்றன் என்னும் ஊரின் கனேடியப் போர் மயானத்தில், நத்தாருக்கு முந்திய மாலையில் சிறுவர்கள் ஒவ்வொரு கல்லறையிலும் விளக்கேற்றுகின்றனர். அடைக்கலம் பெற்றவர்கள் நன்றியை எவ்வாறு பிள்ளைகளிடம் கையளிக்கலாம் என்பதற்கு இதனிலும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. ஒக்ரோபர் கடைசி வெள்ளி முதல் நவம்பர் 11 வரை பொப்பி மலரை இடப்பக்கம், நெஞ்சுக்கு மேலே அணிவோம். அதற்கு விலை இல்லை. இயன்றதை உண்டியலில் இடலாம். அப்பணம் தனி நிதியாகப் பேணப்பட்டு, தேவையுள்ள முன்னாள் படையினருக்கும் குடும்பத்தினருக்கும் உணவு, மருந்து, வீட்டுச் சூடேற்றல் போன்றவற்றிற்கு உதவுகின்றது.
2. மலர் தருபவரின் முகம் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்வோம்.
3. அயலில் முதிய படைவீரர் இருந்தால், நமது வாசற் பனியை வழிக்கும்போது அவருடையதையும் வழித்துவிடுவோம்.
4. அவர்கள் பேச விரும்பினால் இருந்து கேட்போம். “யாரையாவது சுட்டீர்களா?” என்று பிள்ளைகள் கேட்கலாகாது எனச் சொல்லிக் கொடுப்போம்.
5. வெடி கொளுத்துமுன் அயலவருக்கு அறிவிப்போம்.

வீட்டில் கலந்துரையாட

பிள்ளைகளே, உங்கள் அம்மம்மா, அப்பப்பா எதற்குப் பயப்படுகிறார்கள்? அதே பயம் உள்ள ஒருவர் உங்கள் தெருவில் இருக்கலாமா? அவருக்கு இந்தக் கிழமை நீங்கள் செய்யக்கூடிய ஓர் உதவி என்ன? விடைகளை அடுத்த வகுப்பிற்கு எழுதி வாருங்கள்.

இந்த நவம்பரிலும் அதே கடைத்தொகுதிக்குப் போவோம். பொப்பி மலர் நிற்கும் வாசலாலேயே உள்ளே செல்வோம்.