பழைய ரைபிளும் கையால் கெட்டித்த தோட்டாவும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவக் கிடங்குகளில் மிஞ்சிய லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் கனடாவில் மலிவு விலைக்கு விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் முன்பக்கக் கட்டையை அறுத்து எடையைக் குறைத்து, மான் வேட்டைக்கும் மூஸ் வேட்டைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். வடகோடிப் பனிநிலங்களில் ரோந்து போகும் கனடியன் ரேஞ்சர்களும் பனிக்கரடியிடமிருந்து காத்துக்கொள்ள 2010-கள் வரை இந்த ரைபிளைத்தான் தோளில் மாட்டியிருந்தார்கள். அங்கே பல வீடுகளில் தாத்தாவின் லீ-என்ஃபீல்டு பேரன் கைக்கு வந்திருக்கிறது.

அதற்கான .303 தோட்டாவை வேட்டைக்காரர்கள் பலர் வீட்டிலேயே கெட்டிக்கிறார்கள். கனடாவில் சொந்த உபயோகத்துக்குச் சட்டம் அதை அனுமதிக்கிறது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டிலிருந்து, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கூட்டை ‘டை’ என்னும் எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமரைப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்தி வைத்தால் தோட்டா தயார். வேலை எளிது. எளிதாக இருப்பதாலேயே வாய்மொழியாகப் பல நம்பிக்கைகள் இதைச் சுற்றி வளர்ந்துவிட்டன. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கப்போகும் பொருளைக் கேள்விப்பட்டதை வைத்துச் செய்யக் கூடாது. அதனால் அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: போரில் அடிபட்ட ரைபிள், எவ்வளவு மருந்தையும் தாங்கும்.

உண்மை: லீ-என்ஃபீல்டு சேற்றிலும் பனியிலும் கைவிடாத ரைபிள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம்பகம் வேறு, அழுத்தத்தைத் தாங்கும் வலு வேறு. மவுசர் வகை ரைபிளில், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைப் பூட்டும் பற்கள் அதன் முன்தலையில், தோட்டாவை ஒட்டி இருக்கும். லீ-என்ஃபீல்டில் அவை பின்பக்கம் இருக்கின்றன. சுடும் கணத்தில் போல்ட் முழுநீளத்துக்கும் அமுங்கிக் கொடுக்கும். .303 தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு, இன்றைய .308 வின்செஸ்டருக்கு 62,000. இந்தியாவின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை 1960-களில் இதே வடிவத்தை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியபோது, வலுவான வேறு எஃகுக்கு மாற வேண்டியிருந்தது. ரைபிளைச் செய்தவர்களே இப்படி எச்சரிக்கையாக இருந்தபோது, வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நம்பிக்கை 2: .303 ரைபிள் என்றால் குண்டின் விட்டமும் .303 அங்குலம்.

உண்மை: .303 என்பது குழலின் உள்ளே மேடான வரிகளுக்கு இடைப்பட்ட அளவு. குண்டு அவற்றுக்கு நடுவில் உள்ள பள்ளங்களையும் நிரப்ப வேண்டும். எனவே .303-க்கான குண்டின் விட்டம் .311 அல்லது .312 அங்குலம். கடையில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று .308 அங்குலக் குண்டைப் போட்டால், அது வரிகளை முழுதாகப் பற்றாமல் தளர்வாகப் போகும், குறி சிதறும். போர்க்கால அவசரத்தில் செய்த குழல்களில் பள்ளத்தின் அளவு இன்னும் பெரிதாகவும் இருக்கும். ஆகவே, மென்மையான ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவி வெறுங்குழலுக்குள் தள்ளி, மறுமுனையில் வெளிவந்ததும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். உங்கள் குழலின் உண்மையான அளவு அதில் பதிந்திருக்கும்.

நம்பிக்கை 3: கூடு பாதியில் அறுந்தால் பித்தளை மட்டம், அல்லது மருந்து அதிகம்.

உண்மை: .303 கெட்டிப்பவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். சுட்டதும் கூட்டின் அடிப்பாகம் மட்டும் வெளியே வரும். முன்பாதி, தோட்டா அமரும் அறைக்குள்ளேயே சிக்கி நிற்கும். நல்ல பித்தளையிலும் அளவான மருந்திலும்கூட இது நடக்கும். காரணம் ரைபிளின் அறையிலும் நாம் டையைப் பயன்படுத்தும் விதத்திலும் இருக்கிறது.

.303 கூட்டின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் கூட்டை அறைக்குள் நிறுத்துகிறது. போர்க்களத்தில் அழுக்குப் படிந்த தோட்டாவும் தடையின்றி நுழைய வேண்டும் என்று அறையின் தோள்பகுதியைத் தாராளமாகக் குடைந்திருந்தார்கள். சுடும்போது கூட்டின் மெல்லிய முன்பக்கச் சுவர் விரிந்து அறையோடு ஒட்டிக்கொள்கிறது. தடித்த அடிப்பாகம் போல்ட்டை நோக்கிப் பின்னால் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பித்தளை இழுபட்டு மெலிகிறது. கழுத்துக்குக் கீழே சரியும் கூட்டின் தோளும் முன்னேறி அறையை நிரப்பிவிடுகிறது. இந்தக் கூட்டை முழுநீள டையில் அடிவரை அழுத்தினால், முன்னேறிய தோள் மறுபடி பின்னுக்குப் போகும். அடுத்த முறை சுடும்போது அதே இடம் மறுபடி இழுபடும். சில சுற்றுகளிலேயே அறுந்துவிடும்.

தீர்வு எளியது. ஒரு ரைபிளில் சுட்ட கூடுகளை அதே ரைபிளுக்கென்று தனியாக வையுங்கள். கூட்டின் கழுத்தை மட்டும் அளவுக்குக் கொண்டுவரும் டையைப் பயன்படுத்துங்கள். தோள் அறையோடு பொருந்தியே இருந்தால், அடுத்த முறை இழுபட இடமிருக்காது.

சோதிக்கக் காகித கிளிப் ஒன்று போதும். அதை நிமிர்த்தி, நுனியில் சில மில்லிமீட்டரை மட்டும் செங்கோணமாக மடித்து, அரத்தால் கூராக்குங்கள். கூட்டின் அடிவரை இறக்கி, உட்சுவரோடு ஒட்டியபடி மெல்ல மேலே இழுங்கள். நல்ல கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். இழுபட்ட கூட்டில், விளிம்புக்குச் சற்று மேலே நுனி சட்டென ஒரு பள்ளத்தில் இறங்கித் தட்டும். வெளியே அதே இடத்தில் பளிச்சென்று ஒரு வளையமும் தெரியலாம். கம்பி தட்டினால் அந்தக் கூட்டைக் குறட்டால் நசுக்கிப் போட்டுவிடுங்கள். இன்னொரு தடவை தாங்கும் என்ற ஆசை வேண்டாம்.

நம்பிக்கை 4: மருந்தைக் குறைத்துப் போட்டால் ஆபத்தே இல்லை.

உண்மை: மிகக் குறைந்த மருந்தும் ஆபத்துதான். குண்டைத் தள்ளப் போதிய விசை கிடைக்காமல் அது குழலின் நடுவில் நின்றுவிடலாம். சத்தம் மந்தமாக வந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் புடைக்கும், அல்லது வெடிக்கும். மெதுவாக எரியும் மருந்தை மிகவும் குறைத்துப் போட்டபோது எதிர்பாராமல் அழுத்தம் ஏறி ரைபிள்கள் உடைந்திருக்கின்றன. அதனால்தான் கையேடுகள் உச்ச அளவோடு தொடக்க அளவையும் தருகின்றன. மென்மையான தோட்டா வேண்டுமென்றால், அதற்கென்றே சோதித்த மருந்தும் அளவும் கையேட்டில் உண்டு.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. ஐஎம்ஆர் 4350, எச் 4350 என்ற இரு மருந்துகளின் பெயரிலும் எண் ஒன்றே. மருந்து வேறு, அளவும் வேறு. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும். குண்டைப் பொருத்துமுன் எல்லாக் கூடுகளையும் தட்டில் நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மருந்தின் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் கண்ணில் பட்டுவிடும்.

நம்பிக்கை 5: அழுத்தம் மிஞ்சினால் பிரைமரின் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மை: தட்டையான பிரைமரும் இறுகிக்கொள்ளும் போல்ட்டும் எச்சரிக்கைகள்தான். ஆனால் அவை தாமதமாக வருபவை. அழுத்தம் வரம்பைத் தாண்டிய பிறகும் பிரைமர் சாதாரணமாகத் தோன்றலாம். தலைப்பு இடைவெளி, அதாவது போல்ட்டின் முகத்துக்கும் கூட்டின் அடிக்கும் நடுவில் உள்ள இடம், அதிகமான ரைபிளில் அளவான மருந்துக்கே தட்டையாகலாம். கண்ணால் அழுத்தத்தை அளக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் அளந்து அச்சிட்ட அட்டவணைதான் துணை. தொடக்க அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறுங்கள். பிரைமரோ குண்டோ கூடோ மாறினால் மறுபடி தொடக்கத்திலிருந்தே வாருங்கள்.

நம்பிக்கை 6: பழைய ராணுவத் தோட்டாவைப் பிரித்து அந்த மருந்தையே போடலாம்.

உண்மை: .303 தோட்டா 1888-இல் கரிமருந்தோடு பிறந்தது. சில ஆண்டுகளில் கார்டைட்டுக்கு மாறியது. 58% நைட்ரோகிளிசரின், 37% பஞ்சு மருந்து, 5% வாசலின் என்பது முதல் கலவை. சேமியா போல நீண்ட இழைகளாக இருக்கும். இழைக்கட்டைக் கூட்டுக்குள் வைத்த பிறகே கழுத்தைக் குறுக்குவார்கள். வீட்டில் செய்யக்கூடிய வேலையல்ல. நீலகிரியின் அருவங்காட்டில் 1903-இல் நிறுவிய தொழிற்சாலைக்கு இந்த மருந்தின் பெயரைத்தான் வைத்தார்கள்.

கார்டைட்டுக்கு வெயில் ஆகாது. சூடேறினால் அழுத்தமும் ஏறும். அதனால் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வந்த வேட்டைத் தோட்டாக்களை வெப்பநாட்டுக்கென்று மருந்தைக் குறைத்தே தயாரித்தார்கள். தயாரித்த நிறுவனமே இத்தனை கவனித்த மருந்து இது. பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்து சிதையத் தொடங்கிய கார்டைட்டை இன்றைய கூட்டில் போடுவது தற்கொலைக்குச் சமம்.

நம்பிக்கை 7: பழைய தோட்டா சுட்ட குழலை எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும்.

உண்மை: பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. எரிந்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படியும். காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைத் துருவேற்றும். உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் போட வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே .303 தனிநபருக்குத் தடைசெய்யப்பட்ட துளை அளவு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது கடுங்குற்றம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் இங்கே முயன்று பார்க்க வேண்டாம்.

அனுமதி உள்ள நாட்டில், உரிமத்தோடு, தாத்தாவின் ரைபிளைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதலில் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் ரைபிளைக் கொடுத்துத் தலைப்பு இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். மருந்து நிறுவனம் வெளியிட்ட புதிய கையேட்டை வாங்குங்கள். நல்ல தராசு ஒன்றும் மைக்ரோமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். இவை கையில் இல்லாதவரை கடைத்தோட்டாவே போதும்.