துருவ நட்சத்திரமும் ஜெராய் மலையும்

இவ்வாண்டு மலருக்கு நன்னெறி பற்றி ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். பள்ளியில் பாடம் நடத்திப் பழகியவன் நான். பெரிய தத்துவங்களை விளக்கும் தகுதி எனக்கில்லை. ஆகவே, சிறு வயதில் தோட்டத்தில் கற்ற ஒரு பாடத்தையும், பிறகு அதை மறந்து தடுமாறிய கதையையும் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

மலை சொன்ன பாடம்

சுங்கைப் பட்டாணியில் வாழும் நமக்கெல்லாம் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரம். சுற்றிலும் சமநிலமும் வயலும் கடலும் இருக்க, அது மட்டும் தனியே எழுந்து நிற்கிறது. நாங்கள் குடியிருந்த தோட்டம் பீடோங்கிற்குக் கிழக்கே இருந்ததால், எங்கள் லயத்திலிருந்து பார்த்தால் சூரியன் அந்த மலைக்குப் பின்னால்தான் மறையும்.

பால்மரக் காட்டில் வழி தவறுவது எளிது. எந்த நிரையில் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி மங்கு. எட்டு வயதில் ஒரு நாள் விறகு பொறுக்கப் போனவன், மாலை வரை சுற்றிச் சுற்றி ஒரே இடத்திற்கு வந்து அழுது கொண்டு நின்றேன். தேடி வந்த பாட்டனார் என்னை அடிக்கவில்லை. மேட்டுப் பாதைக்குக் கூட்டிப் போய் மலையைக் காட்டினார்.

“இந்தப் பக்கம் வந்து தொலைஞ்சா, மலையை முதுகுக்குப் பின்னால வச்சு நட, வீடு வந்துடும். அந்தக் கோடிக்குப் போய்த் தொலைஞ்சா, மலையைப் பார்த்து நட. மலை வீட்டைக் காட்டாதுடா. நீ எங்கே நிக்கிறேன்னுதான் காட்டும்” என்றார்.

மலை ஒன்றுதான். ஆனால் நிற்கும் இடத்தைப் பொறுத்து நடக்க வேண்டிய திசை மாறுகிறது. இதை அப்போது நான் முழுதாக உணரவில்லை.

பாட்டனார் தஞ்சைச் சீமையிலிருந்து வந்தவர். வந்த புதிதில் தமக்கே திசை குழம்பியதாகச் சொல்வார். தமிழில் ‘மேற்கு’ என்ற சொல் ‘மேல்’ என்பதிலிருந்தும், ‘கிழக்கு’ என்ற சொல் ‘கீழ்’ என்பதிலிருந்தும் வந்தவை என்பார்கள். தமிழ்நாட்டில் மலை மேற்கே, கடல் கிழக்கே. காவிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. கெடாவில் எல்லாம் தலைகீழ். மூடா ஆறும் மெர்போக் ஆறும் மேற்கே ஓடிக் கடலில் கலக்கின்றன. ஊரில் கடலிலிருந்து எழும் சூரியன், இங்கே கடலில் இறங்குகிறது. கடலைப் பார்த்துக் ‘கிழக்கு’ என்று பழகிய மனம் இங்கே ஏமாந்து போகும். அடையாளங்கள் இடத்திற்கு இடம் மாறும், திசை மாறாது. பழக்கம் வேறு, தர்மம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

கடல் கடந்து வந்தவர்கள்

நம் பாட்டனார்களுக்கு வெகு காலம் முன்பே இந்த மலையை நோக்கிக் கப்பல்கள் வந்தன. கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடும் நாடு இந்தக் கெடாதான் என்பது அறிஞர்கள் கருத்து. 1025ஆம் ஆண்டு ராஜேந்திர சோழனின் கடற்படை வந்ததும் இங்கேதான். அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வணிகர்கள் வந்து போயிருக்கிறார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட மாலுமி, கரையே தெரியாத கடலில் எப்படி வழி கண்டான்? வடதுருவம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ, அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. நாகையில் அது ஏறத்தாழ பதினொரு பாகை. கையை நீட்டி முட்டியை அடிவானத்தில் வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம். நம் ஊரில் ஐந்தரைப் பாகைதான். நீட்டிய கையின் மூன்று விரல் அகலம். வடதுருவம் முட்டி உயரத்திலிருந்து மூன்று விரல் அளவுக்கு இறங்கி விட்டால், கடாரத்திற்குச் சரியான தெற்குக்கு வந்து விட்டோம் என்று பொருள். நக்கவாரத் தீவுகளுக்கும் சுமத்ராவுக்கும் இடையில் புகுந்து, அந்த உயரம் மாறாமல் கிழக்கே வந்தால், ஒரு விடியலில் ஜெராய் மலை தெரியும்.

இப்படி வந்த ஒருவரின் பெயரும் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில அதிகாரி, நமக்குத் தெற்கே செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற மாநாவிகன், அதாவது பெரிய கப்பல் தலைவன், தன் பயணம் இனிது நிறைவேற வேண்டி ஐந்தாம் நூற்றாண்டில் செதுக்கிய கல் அது. அதில் பயணம் வெற்றி பெற வேண்டும் என்ற வேண்டுதலோடு இன்னொன்றும் இருக்கிறது: அறியாமையால் வினை சேர்கிறது, அறிவினால் அது அற்றுப் போகிறது என்னும் கருத்து. அவர் பௌத்தர்; நாம் சைவர், வைணவர். ஆனால் காற்றையும் அலையையும் மட்டும் எண்ணாமல், தன் வினையையும் எண்ணிப் பார்த்த அந்த மாலுமியை நான் என் உறவினராகவே கருதுகிறேன். திசை தெரிந்தால் மட்டும் போதாது, போகிறவன் எப்படிப்பட்டவன் என்பதும் முக்கியம் என்று அவர் அறிந்திருந்தார்.

துருவனின் தாய் யார்?

வடக்கே நிற்கும் நட்சத்திரத்திற்குத் துருவன் என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். விஷ்ணு புராணத்திலும் பாகவதத்திலும் வரும் கதை அன்பர்கள் அறிந்ததே. உத்தானபாத மன்னனுக்கு இரு மனைவியர், சுநீதி, சுருசி. அரசன் சுருசிக்கு வசப்பட்டிருந்தான். தந்தையின் மடியில் ஏற வந்த சுநீதியின் மகன் துருவனைச் சுருசி கடிந்து பேசினாள். அரசன் வாய் திறக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தை காட்டுக்குப் போய்த் தவம் செய்து, யாராலும் தள்ள முடியாத இடத்தைப் பெற்றது.

பெயர்களைக் கவனியுங்கள். சுருசி என்றால் நமக்குப் பிடித்தது, ருசிப்பது. சுநீதி என்றால் நல்ல நெறி. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இந்த இருவரும் குடியிருக்கிறார்கள். அரசன் கெட்டவன் அல்லன். பிடித்தது பேசும்போது நெறிக்காக வாய் திறக்காதவன், அவ்வளவுதான். நிலைத்து நின்ற நட்சத்திரம் சுநீதியின் வயிற்றில் பிறந்தது, சுருசியின் வயிற்றில் அல்ல.

இன்னொரு செய்தியும் உண்டு. வானவியல் அறிந்தவர்கள், துருவ நட்சத்திரம்கூட அசையாமல் நிற்பதில்லை என்கிறார்கள். பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை மெல்லச் சுழன்று வருவதால், ராஜேந்திரன் காலத்தில் இன்றைய துருவ நட்சத்திரம் சரியான வடக்கிலிருந்து ஐந்தாறு பாகை விலகியிருந்தது. அன்றைய மாலுமி அந்த விலகலையும் கணக்கில் கொண்டுதான் கப்பலைச் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே, வழிகாட்டும் பெரியவர்களை மதிப்போம். ஆனால் அவர்களும் விலகக் கூடியவர்களே. விலகாதது தர்மம் ஒன்றுதான்.

நம் கப்பலின் இரும்பு

திசைகாட்டியின் முள் வடக்கைக் காட்டும். ஆனால் பக்கத்தில் இரும்பு இருந்தால் முள் பொய் சொல்லும். 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியக் கரையை அளந்த மாத்யூ பிளிண்டர்ஸ் என்ற மாலுமி, முள்ளைப் பிசகச் செய்தது தன் சொந்தக் கப்பலில் இருந்த இரும்பே என்று ஆராய்ந்தார். அதைச் சரி செய்யத் திசைகாட்டியின் அருகே நிறுத்தும் இரும்புக் கம்பிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

என் கப்பலின் இரும்பைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

பள்ளிப் படிப்பை முடித்த பின், ஆசிரியர் பயிற்சிக்குப் போவதற்கு முன்னால், ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணியாக வேலை பார்த்தேன். பால் நிறுக்கும் வேலை. வெட்டுக்காரர்கள் வாளியைக் கொண்டு வந்து வைப்பார்கள். நான் நிறுத்துப் புத்தகத்தில் எழுதுவேன். அந்த எடையைப் பொறுத்தே அவர்களுக்குக் கூடுதல் காசு. ஒரு நாள் எனக்கு மேலே இருந்தவர், கணக்கில் பால் குறைகிறது, ஆளுக்கு ஒரு ராத்தல் குறைத்து எழுது என்றார். எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான் என்றும் சொன்னார். நான் எழுதினேன். ஒரு நாள் அல்ல, மூன்று மாதம்.

அதே தோட்டத்தில் என் தாயாரும் பால் வெட்டினார். ஒரு நாள் இரவு சோறு போட்டுக் கொண்டே கேட்டார்:

“தம்பி, எல்லார் பாலுக்கும் எடை குறையுதாம். என் பாலுக்கு மட்டும் குறையலைன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுது. நிஜமா?”

நான் பேசவில்லை.

“அப்படின்னா அது தப்புன்னு உனக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. தெரியாமலா அம்மா பேரை மட்டும் விட்டே? நாளையிலிருந்து என் எடையிலயும் குறைச்சு எழுது. இல்லேன்னா யாருக்கும் குறைக்காதே.”

படிப்பறியாத என் தாயார் அன்று கேட்டதைவிடக் கூர்மையான கேள்வியை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. என் முள் வடக்கைக் காட்டிக் கொண்டேதான் இருந்தது. தாயாரின் பெயர் வரும்போது கை தயங்கியதே, அதுதான் முள். மற்ற பெயர்கள் வரும்போது வேலை போய் விடுமோ என்ற பயம் இரும்பாக நின்று அதை இழுத்தது. திருவள்ளுவர் நடுவு நிலைமையைச் சொல்ல வந்தபோது துலாக்கோலை உவமையாக எடுத்தார். அந்தக் கோல் அப்போது என் கையிலேயே இருந்தது!

மறுநாள் சரியாக எழுதினேன். அந்த மாதக் கடைசியில் என்னை நிறுவையிலிருந்து எடுத்து, வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். சம்பளமும் குறைந்தது. தாயார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பாட்டனாரின் தலைமுறை இதைவிடப் பெரிய விலை கொடுத்தது. போர் முடிந்த பின், பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று தொழிலாளர்களே கூடி நின்றார்கள். 1947இல் போலீசாருடன் மோதல் ஏற்பட்டுப் பலர் கைதானார்கள். பகல் முழுதும் உழைத்த உடம்பிற்குக் கள் பிடித்ததுதான், அது சுருசி. பெண்டு பிள்ளைகளின் பசி தெரிந்து அதை வேண்டாம் என்றார்களே, அது சுநீதி.

அன்றாடம் செய்யத்தக்கவை

என் அனுபவத்தில் மூன்று பயிற்சிகள் பயன்படுகின்றன. முதலாவது, மேட்டில் ஏறிப் பார்ப்பது. நாளுக்கு ஒரு முறை, விளக்கேற்றி உட்காரும் நேரத்தில், இன்று எங்கே நின்றேன் என்று கேட்டுக் கொள்வது. இரண்டாவது, பக்கத்திலுள்ள இரும்பைத் தேடுவது. ஒரு முடிவில் எனக்கு லாபமோ பயமோ உண்டென்றால், அங்கே என் முள்ளை நான் அப்படியே நம்பக் கூடாது. அதில் லாபம் இல்லாத ஒருவரைக் கேட்க வேண்டும். மூன்றாவது, என் தாயார் சொன்ன சோதனை. மற்றவருக்குச் செய்வதை என் வீட்டுப் பெயருக்கு நேரே எழுத என் கை வருமா? வராது என்றால் அது நெறி அல்ல.

நிறைவாக, கொடையாளர்களாகிய உங்களுக்கு ஒரு சொல். கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கிய செய்தி லெய்டன் செப்பேடுகளில் இருக்கிறது. அத்தகைய சாசனங்களில் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று ஒவ்வொரு திசையாகச் சொல்லி எல்லை வகுத்திருப்பார்கள். கொடுப்பவரும் வாங்கிக் காப்பவரும் எல்லை தவறக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. நம் அறவாரியமும் அந்த மரபில் வந்ததே. கொடுக்கும் பணம் வந்த வழியும், கொடுத்த பணம் போகும் வழியும் நேராக இருக்க வேண்டும்.

நானும் ஆண்டுதோறும் மாணவர் கல்வி நிதிக்கு என்னால் இயன்றதைத் தருகிறேன். ஆனால் அந்த மூன்று மாத ராத்தல் கணக்கு அதனால் தீர்ந்ததாக நான் நினைக்கவில்லை. அந்த வெட்டுக்காரர்களில் பலர் இன்று இல்லை; தோட்டமும் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகி விட்டது. தானம் புண்ணியம்தான், ஆனால் அது பழைய புத்தகத்தைத் திருத்தி எழுதி விடாது. இனி எழுதப் போகும் பக்கத்தைச் சரியாக எழுத அது ஒரு நினைவூட்டல், அவ்வளவே.

இன்றும் மாலையில் வீட்டு வாசலில் நின்றால் வடக்கே ஜெராய் தெரிகிறது. மேகம் மூடிய நாளில் தெரியாது. தெரியாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. இறைவன் நம் அனைவருக்கும் அந்தத் தெளிவைத் தந்தருள்வானாக.