திகில் படங்களின் இலக்கணம்

செய்யுளுக்கு யாப்பிலக்கணம் இருப்பதுபோல் திகில் படங்களுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. இருண்ட மாடிப்படி, கிறீச்சிடும் கதவு, திடீரென உயரும் வயலின் ஓசை ஆகியவற்றை மாணவியர் அனைவரும் அறிவீர்கள். ஆனால் இவை மேற்பூச்சுகளே. அடிப்படை விதி வேறு.

அதைத் தெளிவாக விளக்கியவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் (1899–1980). இலண்டனில் சேசு சபைக் குருக்களிடம் கல்வி பயின்ற கத்தோலிக்கர் இவர். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் உரையாடுகையில் ஓர் உதாரணம் கூறினார். சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். திடீரென மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. நமக்குச் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அந்தக் குண்டையும் அது வெடிக்கும் நேரத்தையும் நமக்கு முன்பே காட்டிவிட்டால், அதே வெறும் பேச்சு 15 நிமிடம் நம்மைத் தவிக்க வைக்கும். ஆக, மறைப்பதால் அன்று, சொல்லிவிடுவதால்தான் நெஞ்சு படபடக்கிறது.

இவ்விதிக்கு நமக்கு மிக நெருக்கமான சான்று, அவர் 1953இல் வெளியிட்ட ‘ஐ கன்ஃபெஸ்’. கதை கனடாவின் கியூபெக் நகரில் நடக்கிறது. கோயில்பிள்ளையாக வேலை பார்க்கும் கெல்லர், குருவின் அங்கியை அணிந்து திருடச் சென்று, ஒரு வழக்கறிஞரைக் கொன்றுவிடுகிறான். அன்றிரவே லோகன் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கியணிந்த ஒருவர் செல்வதை இரு சிறுமியர் பார்த்ததாகச் சொல்ல, சந்தேகம் சுவாமியின்மேலேயே விழுகிறது. இறந்தவனோ, அவர் குருப்பட்டம் பெறுமுன் நேசித்த பெண்ணை மிரட்டி வந்தவன்.

நிரபராதி மீது பழி விழுவதும் இவ்வகைப் படங்களின் பழைய வழக்கமே. ‘தி 39 ஸ்டெப்ஸ்’ (1935) படத்தின் நாயகன் ஓடி ஒளிகிறான், உண்மையைத் தேடுகிறான். லோகன் சுவாமிக்கு உண்மை தெரியும். தேட வேண்டியதில்லை, ஆனால் வாய் திறக்க முடியாது. துரத்தலும் துப்பாக்கியும் இல்லாமலே நாம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறோம்.

காலையுணவுக் காட்சியைக் கவனியுங்கள். குருக்கள் சாதாரணமாக உரையாடிக்கொண்டிருக்க, கெல்லரின் மனைவி காப்பி ஊற்றியபடி மேசையைச் சுற்றி வருகிறாள். அவள் கண்கள் மட்டும் லோகன் சுவாமியை விட்டு அகலவில்லை. காதில் விழுவது ஒன்று, கண்ணில் படுவது வேறொன்று. வேறோர் இடத்தில், தெருவில் தனியே நடக்கும் அவரைச் சிலுவை சுமக்கும் இயேசுவின் சிற்பத்துக்கு அப்பால், தொலைவில் சிறிய உருவமாகக் காமிரா காட்டுகிறது. அங்கே வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

இத்தனை இருந்தும், இப்படத்தை எடுத்திருக்கக் கூடாது என்று ஹிட்ச்காக்கே பின்னர் சொன்னார். திருச்சபையின் சட்டம் அறியாதவர்கள், “உயிர் போகும் நிலையிலும் ஒருவர் பேசாமலிருப்பாரா?” என்று நகைத்தார்களாம். அவர் கூற்றை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. குண்டு உண்மையானது என்று நம்புகிறவர்களுக்கே பயம் வரும் என்பது சரிதான். பாவசங்கீர்த்தன இரகசியத்தை வெளியிடும் குரு திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார் என்று ஞானோபதேச வகுப்பில் படித்த பெண்ணுக்கு அது விளையாட்டுக் குண்டு அன்று. நீதிமன்றக் கூண்டில் லோகன் சுவாமி நிற்கும்போது, அவர் பேசிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். பேசிவிடக் கூடாதே என்றும் தோன்றும்.