வைரப் பரீட்சை

ஒளிரும் கல்லெல்லாம் வைரமல்ல; வைரமாவன யாவும் ஒரே விலை பெறுவனவுமல்ல. நிறையால் ஒத்த இரு கற்களுள் ஒன்று மற்றொன்றினும் பன்மடங்கு விலை பெறக் காண்கிறோம். இதற்குக் காரணம் யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வைரக் குற்றங்களை ஆராய்தல் நம்மவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தினக் கடைவீதியைக் கூறுமிடத்து, கோடு, புள்ளி, கறை, காக்கையின் அடி போன்ற கீற்று என்னும் நான்கும் வைரத்தின் குற்றங்களாகக் குறிக்கப்பெறுகின்றன. இக்காலப் பரீட்சகர் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் தேடுவனவும் பெரும்பாலும் இத்தகையனவே. குற்றத்தின் அளவும், அது கல்லின் நடுவிலுள்ளதா ஓரத்திலுள்ளதா என்பதும் நோக்கித் தெளிவைத் தரம் பிரிப்பர்.

தெளிவோடு நிறை, நிறம், பட்டை என்னும் மூன்றும் ஆராயப்படும். நிறையின் அளவு காரட்டு. ஒரு காரட்டு 200 மில்லிகிராம் என 1907-ஆம் ஆண்டில் சருவதேச மகாநாட்டில் ஏற்கப்பட்டது. பெருங்கல் கிடைத்தல் அரிதாகலின், ஏனைய குணங்கள் ஒத்தவிடத்து, ஒரு காரட்டுக் கல்லொன்று அரைக் காரட்டுக் கற்கள் இரண்டினும் மிக்க விலை பெறும். நிறத்தில், நிறமின்மையே சிறப்பு. மஞ்சட் சாயல் ஏற ஏற மதிப்புக் குறையும். ஆயினும் ஆழ்ந்த நீலமும் இளஞ்சிவப்பும் மிக அரியவாதலால் பெருவிலை பெறுகின்றன.

இம்மூன்றும் இயற்கை தருவன. பட்டை ஒன்றே மனிதன் தருவது. உள்ளே புகுந்த ஒளி கீழ்ப்பட்டைகளிற் பட்டு மீண்டு மேலே வருதல் வேண்டும். கல்லின் ஆழம் மிகினும் குறையினும் ஒளி கீழே கசிந்துவிடும். அப்போது குற்றமற்ற கல்லும் மங்கித் தோன்றும். 1851-ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சியில் கோகினூரைக் கண்டோர் பலர், அதன் மங்கிய ஒளியால் ஏமாற்றமடைந்தனர். மறுவருடம் அது மீளப் பட்டை தீட்டப்பெற்று, ஏறக்குறைய 186 காரட்டினின்று 105.6 காரட்டாகக் குறைந்தது. ஒளியின்பொருட்டு நிறையை இழக்கத் துணிந்தனர் என்க.

இவ்வறிவு செல்வர்க்கு மட்டுமே உரியதென எண்ணற்க. மகனுடைய கல்விக்காகவோ மகளுடைய மணத்துக்காகவோ தாயின் வைரத்தோட்டை விற்க நேரும் நாள் நம் இல்லங்களிலும் வருவதுண்டு. அடிப்புறம் மூடிக் கட்டிய தோட்டில் கல்லின் ஆழமும் சாயலும் குற்றமும் மறைந்து நிற்கும். வாங்கிய நாளில் கடை விளக்கின் மினுக்கையே கண்டு மகிழ்ந்தோர், விற்கும் நாளிலேயே உண்மையை அறிந்து வருந்துவர். ஆதலின் கல்லைக் கட்டுவதற்குமுன் நிறுத்து, வெண்தாளின்மேல் கவிழ்த்துப் பகலொளியிற் பார்த்து, பரீட்சைச் சாலையின் சான்றும் பெறுதல் நலம். 1954-ஆம் ஆண்டு முதல் ஆய்வுக்கூடத்திலும் வைரம் ஆக்கப்பட்டு வருகிறது. அதுவும் மெய்யான வைரமே. வெறுங்கண்ணால் வேறுபாடு அறியலாகாது. விலையோ மிகக் குறைவு. ஆகவே இக்காலத்தில் அச்சான்று இன்றியமையாததாயிற்று.

மினுக்கைக் கண்டு மயங்காது, ஒவ்வொரு குணத்தையும் தனித்தனியே நிறுத்து, பின் ஒருங்கு வைத்து முடிவு செய்தலே பரீட்சையாம். கல்வி நமக்குப் பழக்குவதும் இதுவேயன்றோ?