ஏற்றத்தில் மூச்சு வாங்குவது ஏன்?



சும்மாடு வைத்து புளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நம் ஜவ்வாது மலையில் ஏற்றம் ஏறும்போது நம்மில் பலருக்கு மூச்சு வாங்குகிறது. "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். முப்பது வயதில் என்ன வயசு? உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

காலையில் சாப்பிட்ட சாமைச் சோறு குடலில் செரித்து, குளுக்கோஸ் என்ற சர்க்கரையாக ரத்தத்தில் சேருகிறது. அது தசையில் உள்ள செல்களுக்குப் போகிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற மிகச் சிறிய அடுப்புகள் இருக்கின்றன. விறகு எரிய காற்று வேண்டுமல்லவா? இங்கும் பிராணவாயு வேண்டும். ஆனால் தீ கிடையாது. செல் சர்க்கரையைப் படிப்படியாகப் பிரித்து, வரும் சக்தியை ஏ.டி.பி. என்ற பொருளில் சில்லறையாக மாற்றி வைத்துக்கொள்கிறது. மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும். இதுதான் செல் சுவாசம். நாம் மூச்சு விடுவதே இதற்காகத்தான்.

பிராணவாயு போதாவிட்டால்? ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. வரவேண்டிய இடத்தில் 2 தான் வரும். சர்க்கரை பாதி வழியில் லாக்டிக் அமிலமாக நின்றுவிடும். (இட்லி மாவு புளிப்பதும் இதே அமிலத்தால்தான். அங்கே அதைச் செய்வது நுண்ணுயிர்கள்.)

பிராணவாயுவைச் சுமப்பது ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. குழுப் பணத்தை வங்கிக்குக் கொண்டுபோகும் பிரதிநிதி அதில் கை வைக்காத மாதிரி, தான் சுமக்கும் பிராணவாயுவை அது தொடுவதில்லை! ஹீமோகுளோபின் செய்ய இரும்புச் சத்து வேண்டும். அது குறைந்தால் ரத்தசோகை. வயிற்றில் சோறு இருக்கு, ரத்தத்தில் சர்க்கரை இருக்கு, பிராணவாயுவைச் சுமக்கத்தான் ஆள் பத்தவில்லை. அதை ஈடுகட்டத்தான் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை, கர்ப்பிணிகளுக்கு 11. அளவு சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால் நெஞ்சையும் பரிசோதிக்க வேண்டும், டாக்டரிடம் சொல்லுங்கள். முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயும் சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.