டிசம்பர் ஐஸை நம்பலாமா?

டிசம்பரில் குளிர் இறுகத் தொடங்கியதுமே ரொறன்ரோ வட்டாரத்தில் சிலருக்குக் கை துருதுருக்கும். நெடுஞ்சாலை 404இல் வடக்கே ஏறினால் ஒரு மணி நேரத்தில் சிம்கோ ஏரி. குக்ஸ் விரிகுடாவில் பேர்ச் மீன் கடிக்கிறதாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் போதும், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் சனிக்கிழமைத் திட்டங்கள் மாறிவிடும். குளம் உறைவதைக் கண்டிராத ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். ஐஸைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி யாரோ சொல்லிக் கேட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதில் பெரிய அனுகூலம் இல்லை. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நீரில் விழுகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள், அதே நம்பிக்கைகளோடு.

நம்பிக்கை: ஒரு வாரமாக மைனஸ் பத்து, ஏரி இறுகியிருக்கும்

குளிர்ந்த மேல்நீர் கனத்துக் கீழே இறங்கும், கீழே உள்ள நீர் மேலே வரும். இந்தச் சுழற்சி நடந்து, நீர் 4 பாகை செல்சியஸுக்கு வந்த பிறகுதான் மேற்பரப்பு மட்டும் தனியாகக் குளிர்ந்து உறையும். ஆகவே ஆழம் கூடக்கூடத் தாமதமும் கூடும். சிம்கோவின் தெற்கு முனையான குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது, முந்தி உறையும். பாரி நகரை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் விரிகுடா 40 மீற்றருக்கு மேல் ஆழம், அது பிந்தித்தான் உறையும். ஒரே ஏரி, ஒரே வானிலை அறிக்கை, ஆனால் ஒன்றில் ஆட்கள் தூண்டில் போடும்போது மற்றதில் அலை அடித்துக்கொண்டிருக்கலாம். மெல்லிய ஐஸ் படிந்த இரவில் பலத்த காற்று வீசினால் அதுவும் நொறுங்கிப்போகும். எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

பனி கொட்டினால் ஐஸ் தடிக்கும் என்பதும் தவறு. பனி ஏரிக்குப் போர்வை. மேலேயுள்ள குளிரைக் கீழே போகவிடாது. அதன் பாரத்தில் ஐஸ் தாழ்ந்து, வெடிப்புகளின் வழியே நீர் ஏறி, பனிக்கு அடியில் நொளுநொளுவென்று ஒரு படை உண்டாகும். வெளியிலிருந்து பார்த்தால் அழகான வெண்தரைதான் தெரியும்.

நம்பிக்கை: நாலு அங்குலம் இருந்தால் போதும்

இதுதான் எல்லோர் வாயிலும் வருவது, ஆபத்தும் இதில்தான் கூட. முதலில், எந்த நாட்டு நாலு அங்குலம்? மினசோட்டா மாநிலத்து இயற்கைவளத் துறை, நடந்துபோக 4 அங்குலம், அதாவது 10 சென்ரிமீற்றர் வேண்டும் என்கிறது. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது. பின்லாந்தில் 5 சென்ரிமீற்றர் உறுதியான ஐஸ் ஓர் ஆளைத் தாங்கும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்று கணக்குக்கும் இயற்பியல் ஒன்றுதான். எவ்வளவு பாதுகாப்பு இடைவெளி விடுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள். என்னைக் கேட்டால், பருவத்தின் முதல் ஐஸுக்குச் செஞ்சிலுவையின் 15ஐத்தான் பிடித்துக்கொள்வேன்.

காரணம், ஐஸின் தாங்குதிறன் தடிப்போடு நேராகக் குறைவதில்லை. கனடியத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் லோர்ன் கோல்ட் 1971இல் வெளியிட்ட கணக்கு இன்றும் ஐஸ் மேல் சாலை போடுகிறவர்களுக்கு அடிப்படை: தாங்கும் பாரம் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 சென்ரிமீற்றர் உள்ள இடத்திலிருந்து பத்தடி தள்ளி 5 மட்டுமே இருந்தால், பலம் பாதியாகாது, காலாகிவிடும். முதல் ஐஸில் இப்படிப் பத்தடிக்குள் மாறுவது சாதாரணம்.

எங்கெங்கே மாறும்? ஹொலண்ட் ஆறு குக்ஸ் விரிகுடாவில் வந்து விழும் இடம். ஏரி நீர் வெளியேறும் வடக்கேயுள்ள அதர்லி நீரிணை. நாணல் நிற்கும் கரையோரம், நீருக்கு மேலே தலை நீட்டும் பாறையைச் சுற்றி. வாத்துகள் கூட்டமாகக் கிடந்து கடைசிவரை உறையவிடாமல் வைத்திருந்த இடம். படகுத்துறையைக் காப்பாற்றுவதற்காக உரிமையாளர்கள் நீருக்கு அடியில் காற்றுக் குமிழி விடும் இடங்கள். நேற்றுத்தான் மூடிய வாத்து இடமும் ஒரு வாரம் தடித்த ஐஸும் ஒரே பனிக்கு அடியில் ஒன்றுபோலவே தெரியும்.

பிறகு, ஐஸின் தரம். ஐஸைத் துளைக்கும் ஓகரால் (திருகுத் துளைப்பான்) துளையிட்டு, நுனி வளைந்த அளவுகோலை இறக்கி, ஐஸின் அடிவிளிம்பில் கொளுவிப் பாருங்கள். துளையின் சுவரில் படைகள் தெரியும். கீழே கண்ணாடிபோன்ற தெளிவான படை, அதன் மேல் பால்போல வெளுத்தது, சிலவேளை இடையில் ஈரமாய் ஒரு கோடு. தெளிவானதுதான் பலமானது. வெளுத்த ஐஸ் பனியும் நீரும் கலந்து உறைந்தது, பலம் ஏறக்குறையப் பாதி. ஆகவே அது மட்டும் இருந்தால் இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். நீர்மட்டத்தையும் கவனியுங்கள். ஐஸ் சுதந்திரமாக மிதந்தால் துளையின் நீர் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். நீர் துளையைத் தாண்டி மேலே பரவினால் அந்த இடம் பாரத்தில் தாழ்ந்துகொண்டிருக்கிறது. பொருட்களை எடுத்துக்கொண்டு பிரிந்து நகர வேண்டிய நேரம் அது.

துளை துளையாகப் போட்டுக்கொண்டே போக முடியாது என்பதால் இங்கே பழகியவர்கள் உளிவாய் வைத்த நீண்ட இரும்புக்கம்பி ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள், நம் அலவாங்குதான் கிட்டத்தட்ட. காலை வைக்குமுன் முன்னால் பலமாக ஒரு குத்து. ஒரே குத்தில் கம்பி உள்ளே போனால் அங்கேயே நின்று, வந்த தடத்திலேயே காலைத் தூக்காமல் சறுக்கித் திரும்ப வேண்டியதுதான். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நம்பிக்கை: அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அப்படியானால் பயமில்லை

மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரி ஆழமே இல்லாத பெரிய ஏரி, அதனாலேயே முந்தி உறைந்து முதல் ஐஸ்காரர்களை இழுப்பது. 2022 நவம்பர் 28 அன்று அங்கே ஏறக்குறைய 200 பேர் நின்றிருந்த ஐஸ் கரையிலிருந்து பிரிந்து நகர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 29 அன்று மறுபடி, 122 பேரை மீட்டார்கள். பருவத் தொடக்கத்துக்கு மட்டும் உரிய ஆபத்து என்றும் சொல்ல முடியாது: 2009 பெப்ரவரி 7 அன்று ஈரி ஏரியில், ஒஹாயோ கரையை விட்டு விலகிய ஐஸிலிருந்து 130க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். இவர்களில் மிகப் பெரும்பாலோரின் காலடி ஐஸ் கடைசிவரை உடையவில்லை. அளவுகோலில் அவர்கள் தேறியவர்கள். காற்றின் திசையை யாரும் அளக்கவில்லை. பெரிய ஏரியில் கரையிலிருந்து உள்நோக்கி வீசும் காற்று இருக்கிற நாளில், தடிப்பு எவ்வளவாக இருந்தாலும் போகாமல் இருப்பதே புத்தி.

நம்பிக்கை: சத்தம் கேட்டால் உடையப்போகிறது

ஏரி முழங்கும், முனகும், சாட்டை வீசியதுபோல் விசிறும். வெப்பநிலை மாறும்போது ஐஸ் விரிந்து சுருங்குவதால் வரும் சத்தம் அது, நல்ல தடித்த ஐஸிலும் கேட்கும். புதிதாகப் போகிறவர்கள் இதற்குப் பயந்து ஓடிவிட்டு, சத்தமே போடாத நொளுநொளுத்த ஐஸில் நிம்மதியாக நடப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நம்பிக்கை: விழுந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்தது

விறைத்துச் சாவதற்கு அவ்வளவு விரைவாக நேரம் வராது. மனிரோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் தன் உடலையே பலமுறை குளிர்நீரில் இறக்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும், கட்டுக்கு வரும்வரை தலை மேலே இருந்தால் போதும். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். அறிவு மயங்க ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். சாகடிப்பது பெரும்பாலும் அந்த முதல் நிமிடத்துப் பதற்றமும், பத்து நிமிடத்தை வீணாக்குவதும். குளிருடுப்பு உடனே கீழே இழுத்துவிடாது. அதற்குள் அகப்பட்ட காற்று சற்று நேரம் மிதக்கவே உதவும், கழற்ற முயலாதீர்கள். வந்த திசைக்குத் திரும்புங்கள், உங்களைச் சற்று முன்புவரை தாங்கிய ஐஸ் அங்கேதான் இருக்கிறது. கைகளை அதன் மேல் நீட்டி, நீந்துவதுபோல் காலை உதைத்து, வயிற்றால் ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். ஈர ஐஸைக் கையால் பிடிக்க முடியாது. கழுத்தில் தொங்கவிடும் ஒரு சோடி ஐஸ் முள்தான் பிடி தரும். அதைப் பையின் அடியில் வைத்திருப்பவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

நம்பிக்கை: ஒரு பெக் போட்டால் குளிர் தெரியாது

தெரியாதுதான். தோலுக்கு இரத்தம் பாய்ந்து சூடு வெளியே போகும், உடல் குளிர்ந்துகொண்டே இருக்கும்.

டிசம்பரில்தான் போகவேண்டும் என்று மனம் கேட்டால், புறப்படுமுன் சிம்கோ கரையில் மீன்பிடிக் குடில் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். அவர்களுக்கு ஐஸ்தான் பிழைப்பு, நாள்தோறும் அளக்கிறார்கள், வாடிக்கையாளரை இறக்க நம்மைவிட அவசரம் அவர்களுக்குத்தான். அவர்களே இன்னும் குடிலை இறக்கவில்லை என்றால் நீங்களும் இறங்காதீர்கள்.